ஏழைக்கேத்த எள்ளுருண்டையா, ஆப்ஷன் ஆட்டம்?

ஆப்ஷன் ஆட்டம் என்று பேச்சை எடுத்தாலே ஒரு நக்கல் சிரிப்பு. "சார், அதெல்லாம் ஹைஸ்கூல் பசங்க ஆடறது" என்பார் அட்லாண்டா பக்கம் குடியிருக்கும் நம்ம ஆள் ஒருவர். "முழங்காலைப் பார்த்து விழுந்து மோதற அழுக்கு ஆட்டம்" என்பார் இன்னொருவர். "பந்தைத் தூக்கி எறியவே மாட்டேங்கறான், தூக்கம் வருது" என்று மூன்றாமவர் கொட்டாவி விடுவார். கடைசியில் எல்லோரும் கூடி ஒரே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: வக்கில்லாதவன் ஆடுகிற ஆட்டம் அது. ஏழைக்கேத்த எள்ளுருண்டை.

இந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்த ஒரு ஆட்டமுறையை எப்படி ஓரங்கட்டினார்கள், எதற்காக ஓரங்கட்டினார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் கோபமே வருகிறது. பதிவு நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. (தெரிந்தவர்கள் தாவிவிடலாம்.) பக்கத்துக்கு 11 பேர். நாலு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. பந்தை முதலில் வாங்கி, அதை என்ன செய்வதென்று பார்த்துக்கொள்பவன் குவார்ட்டர்பேக். வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் பந்து யாருக்குப் போகவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மீதிப்பேர் எதிராளிகளை மோதித் தடுத்து அவனுக்கு வழி செய்யவேண்டும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. எதிராளிகள் 11 பேர். நம் பக்கம் பந்தோடு ஓடுபவன் யாரையும் தடுக்க முடியாது. பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக்கும் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பான். ஆக 11 பேரைத் தடுக்க 9 பேர். ஆரம்பத்திலேயே ரெண்டு ஆள் பற்றாக்குறை. பணக்காரக் கல்லூரிகள் இந்தப் பற்றாக்குறையைத் தசையால் அடைப்பார்கள். 140 கிலோ தடியன்கள் ஐந்து பேரை முன்வரிசையில் நிறுத்தினால் ஒருவன் ரெண்டு பேர் வேலையைச் செய்வான். அந்தத் தடியன்கள் கிடைக்காதவன் என்ன செய்வது?

எதிராளிகளில் ரெண்டு பேரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவது. அவ்வளவுதான் விஷயம்.

டிரிப்பிள் ஆப்ஷனில் பந்து கைக்கு வந்ததும், குவார்ட்டர்பேக் அதைப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைக்கிறான். வைத்தபடியே எதிராளி முன்வரிசையில் தடுக்காமல் விட்ட ஓர் ஆளைப் பார்க்கிறான். அவன் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து ஃபுல்பேக்கிடமே தங்கிவிடும், நடுவழியில் ஓடிவிடுவான். அந்த ஆள் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் பந்தை வெடுக்கென்று உருவிக்கொண்டு குவார்ட்டர்பேக் வெளிப்பக்கம் ஓடுகிறான். அங்கே தடுக்காமல் விட்ட ரெண்டாவது ஆள் நிற்பான். அவன் குவார்ட்டர்பேக் மேல் வந்தால் பக்கத்திலேயே நாலைந்து கெஜம் தள்ளி ஓடிவரும் மூன்றாமவனிடம் பந்து போகும். வராமல் அந்த மூன்றாமவனைக் குறிவைத்தால் குவார்ட்டர்பேக்கே பந்தோடு உள்ளே புகுந்துவிடுவான். எல்லாம் ரெண்டு, மூன்று நொடிக்குள்.

அந்த ரெண்டு எதிராளிகள் எதைச் செய்தாலும் தப்பு. யாரும் தொடாமலே அவர்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறார்கள். 11-க்கு 9 என்றிருந்தது இப்போது 9-க்கு 8. மிச்சமிருக்கும் அந்த ஒருவன் பெரும்பாலும் மைதானத்தின் மறுகோடியில் இருப்பான். சடுகுடு ஆடியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பிடிக்கிறவன் முதலில் அசையட்டும், அதற்கப்புறம் நாம் முடிவு செய்வோம் என்கிற அதே புத்திதான்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? பங்குச்சந்தையிலும் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. வாங்கியவனுக்கு உரிமை உண்டு, கட்டாயம் கிடையாது. விலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியில் முடிவு செய்யலாம். அதற்கு முன்பணமாக பிரீமியம் கட்டவேண்டும். ஃபுட்பால் ஆப்ஷனும் அச்சு அசல் அதேதான். முடிவைத் தள்ளிப்போடும் உரிமையை விலை கொடுத்து வாங்குகிறான். பிரீமியம் என்ன தெரியுமா? தடுக்காமல் விட்டவன் குவார்ட்டர்பேக்கை ஒவ்வொரு முறையும் வந்து இடிப்பான், பந்து அவன் கையை விட்டுப் போனபிறகும் இடிப்பான். பக்கவாட்டில் போடும் பந்து நழுவினால் எதிராளிக்குப் போகலாம். இந்த மூன்று நொடி முடிவு ரத்தத்தில் ஊறவேண்டும் என்பதால் வருஷக்கணக்கில் அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். இவ்வளவு கட்டிவிட்டுத்தான் அந்த உரிமையை வாங்குகிறார்கள். இதைப்போய் குறுக்குவழி என்றால் எப்படி?

சரி, வக்கில்லாதவன் ஆட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். சரித்திரம் தெரியாமல் அடிக்கிற ஜல்லி அது.

1941-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கோச் டான் ஃபாரோ ஸ்பிளிட்-டி என்ற அமைப்பில் இந்த யோசனையை நுழைத்தார். கூடைப்பந்தில் ஒரு தடுப்பாளியை நோக்கி ரெண்டு பேர் பந்தோடு வரும்போது அவன் திணறுவான் பாருங்கள், அங்கிருந்து எடுத்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடற்படைப் பயிற்சி முகாமில் அவரிடம் உதவியாளராக இருந்து இதைக் கற்றுக்கொண்டவர் பட் வில்கின்சன். அந்த வில்கின்சன் ஓக்லஹோமா கோச்சாகி 1953-லிருந்து 1957 வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்கள் ஜெயித்தார். பெரிய கல்லூரிகளில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஓக்லஹோமா என்ன வக்கில்லாத கல்லூரியா?

அறுபதுகளில் ஹூஸ்டனில் பில் யோமன் வீர் என்ற வகையைக் கொண்டுவந்தார். 1968-ல் டல்சாவை 100-6 என்று அடித்தது அந்த ஹூஸ்டன்தான். அதே வருஷம் டெக்சாஸில் எமரி பெல்லார்ட் விஷ்போன் அமைப்பை வரைந்தார். முதல் ஆட்டம் டிரா, ரெண்டாவது தோல்வி, அதன்பின் தொடர்ந்து 30 வெற்றி. அலபாமாவின் பேர் பிரையன்ட் 1971-ல் தன் பழைய ஆட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு விஷ்போனுக்கு மாறினார். அதே 1971-ல் ஓக்லஹோமா ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 472 கெஜம் ஓடியே எடுத்தது. டெக்சாஸ், அலபாமா, ஓக்லஹோமா மூன்றுமே அந்தக் கால ராஜாக்கள். எள்ளுருண்டையை மாளிகையில் தட்டு தட்டாகத் தின்றவர்கள்.

அப்புறம் நெப்ராஸ்கா. டாம் ஆஸ்போர்ன் 1994, 1995, 1997 என்று நாலு வருஷத்தில் மூன்று தேசியப் பட்டம் வாங்கினார், ஆப்ஷனை அடிப்படையாக வைத்து. 1995 பருவத்துக்கான இறுதி ஆட்டம் 1996 ஜனவரி 2-ல் நடந்தது. எதிரே ஃபுளோரிடா, பந்தெறிந்து எல்லோரையும் துவைத்துக்கொண்டிருந்த அணி. வேகமான ஆட்கள். "ஃபுளோரிடாவின் வேகத்துக்கு முன்னால் இந்த ஆப்ஷன் எடுபடாது" என்ற ஜோசியத்துக்குக் குறைவில்லை. முடிவு 62-24. நெப்ராஸ்கா ஓடியே 524 கெஜம் எடுத்தது. குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர் ஏழெட்டுப் பேரை உதறிவிட்டு 75 கெஜம் ஓடியதை யூடியூபில் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து தூக்கம் வருகிறது என்று சொல்லுங்கள், பார்க்கலாம். :-)

"இப்போ தடுப்பு ஆட்டக்காரர்கள் எல்லாம் ரொம்ப வேகம் சார், அதனால் ஆப்ஷன் வழக்கொழிந்தது" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஒரு ஆட்டமுறை மைதானத்தில் தோற்று ஒழிந்தால் ஒத்துக்கொள்ளலாம். இது அப்படி ஒழியவில்லை. 62-24 என்று ஜெயித்துக்கொண்டிருந்தபோதே கைவிடப்பட்டது. காரணத்தை வேறு இடத்தில் தேடவேண்டும்.

என்னைக் கேட்டால், காரணம் என்.எஃப்.எல். தொழில்முறை அணிகள் குவார்ட்டர்பேக்குக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள். அவனை ஆட்டத்துக்கு இருபது தடவை இடிபட விடுவார்களா? அதனால் அவர்களுக்கு எறிகிற குவார்ட்டர்பேக்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடும் பையனைக் கல்லூரிக்கு இழுக்க வரும் கோச் என்ன சொல்வார்? "எங்களிடம் வா, நாளைக்கு நீ ஆடப்போகும் ஆட்டத்தை இன்றைக்கே சொல்லித்தருகிறோம்." ஆப்ஷன் கோச்சிடம் போகத் துடிக்கும் பையனிடம் மற்ற கோச்சுகள் சொல்வதும் இதேதான்: "அங்கே போனால் உன் எதிர்காலம் அவ்வளவுதான்." ஆனால் கல்லூரியில் ஆடுகிறவர்களில் என்.எஃப்.எல்.லுக்குப் போவது, என்.சி.ஏ.ஏ. தானே சொல்லும் கணக்குப்படி, நூற்றுக்கு ரெண்டு பேருக்கும் குறைவு. மிச்சம் 98 பேரின் ஆட்டத்தை அந்த ரெண்டு பேரின் வேலைவாய்ப்புக்காக மாற்றியமைப்பது என்ன நியாயம்?

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் போய்ப் படிக்கும் ஜார்ஜியா டெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-லிருந்து 2018 வரை பால் ஜான்சன் அங்கே கோச். டிரிப்பிள் ஆப்ஷன்தான் ஆடினார். பொறியியல் பாடச்சுமை உள்ள கல்லூரி, பக்கத்திலேயே ஜார்ஜியா பல்கலைக்கழகம் என்ற பகாசுரன். அந்த பகாசுரனை அவன் ஊரிலேயே 2008, 2014, 2016 என்று மூன்று முறை சாய்த்தார். 2014 பருவ முடிவில் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் முணுமுணுப்பு ஓயவில்லை. பழைய ஆட்டம், நவீனம் இல்லை, நல்ல பையன்கள் வரமாட்டார்கள். அவர் ஓய்வுபெற்றதும் நவீனம் வந்தது. புது கோச் ஜெஃப் காலின்ஸ். 2022 செப்டம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது கணக்கு: 10 வெற்றி, 28 தோல்வி. நவீனம்!

முழு நியாயமாகச் சொல்வதென்றால், ஆப்ஷனிலும் ஓட்டை உண்டு. நிறையப் புள்ளிகள் பின்தங்கிவிட்டால் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட இதைவிட எறிகிற ஆட்டம் வசதி. இந்த ஆட்டத்துக்குப் பழகிய ஆட்களை வைத்துக்கொண்டு வேறு முறைக்கு மாறுவதும் லேசில்லை, காலின்ஸுக்கு அந்தக் கஷ்டமும் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். எந்த ஆட்டமுறையில் ஓட்டை இல்லை?

இப்போது ராணுவ அகாடமிகளுக்கு வருகிறேன். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் மூன்றும் ஆப்ஷனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழமைப்பற்றால் இல்லை. அங்கே படிப்பவன் முடித்ததும் அதிகாரியாகக் குறைந்தது ஐந்து வருஷம் சேவை செய்யவேண்டும். உயரத்துக்கேற்ற எடை என்று கட்டுப்பாடு உண்டு, 140 கிலோ தடியனைத் தேடினாலும் கிடைக்கமாட்டான். மற்ற கல்லூரி ஆட்டக்காரர்கள் 2021-லிருந்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு வரம்பு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். அகாடமிப் பையன்களுக்கு அந்த விளம்பரக் காசு கிடையாது, அரசு ஊழியர்கள். ஆள்பலமும் இல்லை, பணபலமும் இல்லை. இருப்பது ஒழுங்கும் பயிற்சியும்தான். அதைக் காசாக்கத் தெரிந்த ஒரே ஆட்டம் ஆப்ஷன்.

எப்படிக் காசாக்குகிறார்கள் என்றால், முதல் வழி நேரம். பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிராளி புள்ளி எடுக்க முடியாது. 2004 டிசம்பரில் எமரால்டு பவுல் ஆட்டத்தில் நியூ மெக்சிகோவுக்கு எதிராக நேவி ஒரே மூச்சில் 26 முறை ஆடி 94 கெஜம் நகர்ந்தது. எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிஷம் 26 நொடி. ஒரு கால்பகுதி ஆட்டமே 15 நிமிஷம்தான்! 2018-ல் ஆர்மி, ஓக்லஹோமாவின் ஊருக்கே போய், 60 நிமிஷத்தில் 44 நிமிஷத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் அந்த வருஷம் ஹைஸ்மன் விருது வாங்கிய கைலர் மரே ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில் 28-21 என்று ஆர்மி தோற்றது உண்மை. ஆனால் ஓக்லஹோமாக்காரர்கள் அன்றைக்கு விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

ரெண்டாவது, எதிராளிக்கு இது பழக்கமில்லாத பாடம். மற்ற வாரமெல்லாம் ஒரு மாதிரி ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டு இந்த ஒரு வாரம் மட்டும் வேறு மாதிரி. யாரையும் துரத்தாதே, உனக்குச் சொன்ன ஆளை மட்டும் பிடி என்றால் லேசில் கேட்கமாட்டான். 2013-ல் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்னக் கல்லூரி ஃபுளோரிடாவின் சொந்த மைதானத்துக்குப் போனது. மூன்றே முறை பந்தை எறிந்தது, மூன்றும் யார் கையிலும் சேரவில்லை. ஓடி எடுத்தது 429 கெஜம். 26-20 என்று ஜெயித்துவிட்டு ஊர் திரும்பியது. 2007-ல் நேவி நோட்ரடாமை 46-44 என்று ஜெயித்தபோது, அதுவரை தொடர்ச்சியாக 43 வருஷம் தோற்றிருந்தார்கள்.

இந்த அதிர்ச்சிகள்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது என் சந்தேகம். சந்தேகத்துக்கு ஆதாரம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

2022-ல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. இடுப்புக்குக் கீழே மோதித் தடுப்பதை முன்வரிசை ஆட்களும் அசையாமல் நிற்கும் பின்வரிசை ஆட்களும் மட்டும், அதுவும் நடுப்பகுதியின் ஒரு சின்ன எல்லைக்குள் மட்டும் செய்யலாம். வெளியே கூடாது. ஆப்ஷனில் வெளிப்புறம் ஓடும்போது 80 கிலோ பையன் 110 கிலோ ஆளைச் சாய்க்க ஒரே வழி கீழே மோதுவதுதான். அதைப் பிடுங்கிவிட்டார்கள். காரணம் பாதுகாப்பு. முழங்கால் போனால் பையனின் வாழ்க்கை போச்சு, அதில் எனக்கு மறுப்பில்லை. பாதுகாப்புக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் இன்னொரு விதியைப் பாருங்கள். இன்றைய பெரிய கல்லூரிகளின் செல்லப்பிள்ளை ஆர்.பி.ஓ. என்ற ஆட்டம். குவார்ட்டர்பேக் ஒரு தடுப்பாளியைப் பார்த்துக்கொண்டே, ஓடக் கொடுப்பதா, எறிவதா என்று முடிவு செய்கிறான். கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே ஆப்ஷன், சட்டைதான் வேறு. தொண்ணூறுகளில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் வளர்த்த ஜோன் ரீடும் அப்படித்தான், ஒருவனைத் தடுக்காமல் விட்டுப் படிப்பது. என்.எஃப்.எல்.லே 2019-ல் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. லமார் ஜாக்சன் 1,206 கெஜம் ஓடி ஒருமனதாகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அப்போது யாரும் ஹைஸ்கூல் ஆட்டம் என்று சிரிக்கவில்லை.

இந்த ஆர்.பி.ஓ.வில் ஒரு சிக்கல் உண்டு. முன்வரிசை ஆட்கள் ஓட்டம் என்று நினைத்து முன்னே போய்விடுவார்கள், பின்னால் பந்து எறியப்படும். எறியும் ஆட்டத்தில் அவர்கள் அதிகம் முன்னே போகக்கூடாது. என்.எஃப்.எல்.லில் 1 கெஜம்தான் சலுகை. கல்லூரி ஆட்டத்தில் 3 கெஜம். இதை 1 கெஜமாகக் குறைக்க 2015-ல் ஒரு முன்மொழிவு வந்தது. கோச்சுகள் கூச்சல் போட்டார்கள், அது நிறைவேறவில்லை. ஆக, பணக்காரனின் ஆப்ஷனுக்கு வேண்டிய சலுகை பத்திரம். அகாடமிக்காரனின் ஆப்ஷனுக்கு வேண்டிய தடுப்பு பறிமுதல். பெரிய கடைக்குப் படிக்கட்டை நடைபாதையில் இறக்க அனுமதி, தள்ளுவண்டிக்காரனை மட்டும் ஓரமாகப் போ என்று விரட்டுவது.

ஆர்மி பயந்துவிட்டது. 2023-ல் பழைய முறையை விட்டுவிட்டு, குவார்ட்டர்பேக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தும் ஷாட்கன் முறைக்கு மாறிப் பார்த்தார்கள். சரிவரவில்லை, 6 வெற்றி 6 தோல்வி. 2024-ல் மறுபடி பழைய ஆப்ஷனுக்கே திரும்பினார்கள், புது விதிக்கேற்ப வெளிப்புறத்தைவிட நடுவில் அதிகம் ஓடும்படி மாற்றி. குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி மட்டும் 32 டச்டவுன் ஓடி எடுத்தார். 12 வெற்றி, அந்த அகாடமியின் சரித்திரத்திலேயே அதிகம். டுலேனை 35-14 என்று சாய்த்து லீக் பட்டமும் வாங்கினார்கள். செத்த ஆட்டம்!

அதே 2024-ல் ஆர்மியை 31-13 என்று ஜெயித்தது நேவி. அவர்கள் ஆடியது விங்-டி என்ற பழைய முறையோடு கலந்த ஆப்ஷன். அந்த நேவிக்கு டிசம்பர் 27-ல் ஃபோர்ட் வொர்த்தில் கடைசி ஆட்டம். எதிராளி யார் என்று நினைக்கிறீர்கள்? ஓக்லஹோமா. 47 ஆட்டம் ஜெயித்த, 472 கெஜம் ஓடிய, பிறகு அதையெல்லாம் மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்ட அதே ஓக்லஹோமா. முதல் கால்பகுதியில் 14-0 என்று முன்னிலை வேறு. பின்தங்கினால் ஆப்ஷன்காரனால் எழுந்திருக்க முடியாது என்பதுதானே பாடம்? நேவியின் குவார்ட்டர்பேக் பிளேக் ஹார்வத் ஒரே ஓட்டத்தில் 95 கெஜம் ஓடினார், அந்த அகாடமியின் சாதனை. நேவி 21-14. ஆறு நொடி மிச்சமிருக்கும்போது ஓக்லஹோமா ஒரு டச்டவுன் எடுத்து 21-20 ஆக்கியது. உதைத்துச் சமன் செய்யாமல், நேரே ஜெயித்துவிட ரெண்டு புள்ளிக்கு முயன்றார்கள். எறிவதற்காகப் பந்தை வாங்கிப் பின்வாங்கிய குவார்ட்டர்பேக்கை நேவிப் பையன்கள் அமுக்கிப்போட்டார்கள்.